கதைசொல்லி எங்கே நிற்கிறார்?

கதை எழுதுவது எப்படி என்று தமிழில் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. ரா.கி. ரங்கராஜன் அந்தத் தலைப்பிலேயே எழுதினார். பத்திரிகைகள் பயிற்சிகளும் பட்டறைகளும் நடத்தியிருக்கின்றன. இருந்தும், நம் மொழியில் புனைகதை ஒரு கலையாக வளர்ந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நல்ல எழுத்தாளர் ஒருவரேனும் விதிமுறைகளைப் படித்து உருவானதாகத் தெரியவில்லை. அவர்கள் கதைகளைப் படித்தார்கள். முன்னோர் ஒருவரின் கதையைத் திரும்பத் திரும்பப் படித்து, அது எப்படி நிற்கிறது என்று பார்த்தார்கள். அதன் பிறகு தங்கள் கதையை எழுதினார்கள். செவ்வியல் நூல்களைப் படிப்பது வேறு, எழுதக் கற்பது வேறு என்று இங்கே பிரிக்க இடமே இல்லை.

படிப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கரு, நடை, பாத்திரம், முடிவு என்று பலவற்றைச் சொல்வார்கள். எனக்கு இவற்றுக்கெல்லாம் முந்தையதாகத் தோன்றுவது ஒன்று உண்டு: கதைசொல்லி எங்கே நிற்கிறார்? எந்த இடத்திலிருந்து பார்க்கிறார், அங்கிருந்து எவை கண்ணில் படும், எவை படாது? ஆசிரியர் இதைத் தீர்மானித்துவிட்டால் கதையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழின் நூறாண்டுப் புனைகதையை ஒருமுறை சுற்றி வரலாம்.

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது இங்கே நமக்கு வேண்டாம். இக்கதைக்கு மூலம் தாகூரின் ‘காட்டேர் கதா’ என்பது பின்னாளில் தெரியவந்தது. அங்கே ஆற்றங்கரைப் படித்துறை கதை சொல்கிறது. இங்கே குளத்தங்கரை மரம் சொல்கிறது. இதை வைத்து ஐயரைச் சிறுமைப்படுத்தியவர்கள் உண்டு. தமிழ்ச் சிறுகதையின் தலைவாசலிலேயே ஒரு நல்ல வாசகர் நிற்கிறார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். தாகூரிடம் அவர் கண்டெடுத்தது வெறும் சம்பவத்தை அல்ல. கதைசொல்லி நிற்கும் இடத்தை.

அந்த இடத்தை அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். மரம் நகர முடியாது. கதையின் நாயகி ருக்மிணியின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதனால் பார்க்க முடியாது. ஊர்ப் பெண்கள் குளிக்க வரும்போது பேசிக்கொள்வதுதான் அதற்குச் செய்தி. அர்பத்நாட் வங்கி முறிந்து ருக்மிணியின் தகப்பனார் செல்வத்தை இழந்ததும், மாமியார் வீட்டில் அவளுக்கு மதிப்புக் குறைந்ததும், அவள் கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்ப்பதும் இப்படித்தான் கரைக்கு வந்து சேர்கின்றன. அந்த வங்கி சென்னையில் 1906இல் உண்மையாகவே முறிந்து பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. ஐயர் அதை வரலாறாக விவரிக்கவில்லை. ஒரு குளத்தங்கரையில் அது எந்த அளவுக்குக் காதில் விழுமோ அந்த அளவுக்கே கதைக்குள் விடுகிறார்.

நாகராஜன் இரண்டாம் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டதுபோல நடிக்கிறான். மனத்துக்குள் ருக்மிணியைக் கைவிடும் எண்ணம் அவனுக்கு இல்லை. இதை அவன் நண்பனிடம் சொல்லும்போது மரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ருக்மிணிக்கு அது தெரியாது. மரத்துக்குத் தெரியும், ஆனால் மரத்துக்கு வாய் இல்லை. அவள் அதே குளத்தில் உயிரை விடும்போது, தெரிந்தும் சொல்ல முடியாமல் நின்ற ஒன்றின் துயரம் நம்மைத் தாக்குகிறது. இதே கதையை எல்லாம் அறிந்த ஓர் ஆசிரியர் மேலிருந்து சொல்லியிருந்தால், ஒரு தவறான புரிதலால் விளைந்த விபரீதம் என்ற அளவில் அது முடிந்திருக்கும். மரம் சொல்வதால் வாசகரும் மரமாகிவிடுகிறார்: அவருக்கும் தெரியும், அவராலும் எச்சரிக்க முடியாது. கதையின் மொழி இன்று கொஞ்சம் பழசாகத் தோன்றலாம். பெண்ணைப் பற்றிய அதன் பார்வையோடு நாம் சண்டை போடலாம். அந்த அமைப்பு மட்டும் நூறாண்டு கழித்தும் அசையாமல் நிற்கிறது.

‘மணிக்கொடி’ இதழ் 1933இல் தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தவர்கள் கு. ஸ்ரீநிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம். இந்தச் சொக்கலிங்கம்தான் பின்னாளில் தல்ஸ்தோயின் பெருநாவலைப் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தலைமுறைக்குப் பத்திரிகை, மொழிபெயர்ப்பு, கதை மூன்றும் ஒரே வேலை. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு 42 வயது. அந்தக் குறுகிய வாழ்நாளில் சொந்தக் கதைகளோடு உலகச் சிறுகதைகளையும் ஏராளமாக மொழிபெயர்த்திருக்கிறார். தழுவல் கூடாது, மொழிபெயர்ப்பே நேர்மை என்று அன்றைய பிரபலங்களோடு கடுமையாக மோதினார். அவருடைய தொடக்கக் காலக் கதைகள் சிலவற்றிலேயே மாப்பசானின் சாயல் உண்டு என்று பிறகு விவாதம் எழுந்தது. இருக்கலாம். மாப்பசானை அப்படி ஊன்றிப் படித்த கைதான் ‘செல்லம்மாள்’ கதையை எழுதியது. அந்தக் கதை செல்லம்மாளின் சாவில் தொடங்குகிறது. அவள் பிழைப்பாளா என்ற கேள்வியை முதலிலேயே எடுத்து வெளியே வைத்துவிடுகிறார். வாசகர் அடுத்து என்ன என்று பக்கம் புரட்டுவதை விட்டுவிட்டு, ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை என்ற மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதுதான் அந்தக் கதைக்கு வேண்டிய இடம்.

செவ்வியல் நூலைப் படிப்பதும் கதை எழுதுவதும் ஒரே செயலாவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தை விடச் சிறந்த பாடம் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன். கம்பராமாயணத்தில் அகலிகை கதை பாலகாண்டத்தில் வருகிறது. சீதை தீக்குளிப்பது யுத்தகாண்டத்தின் கடைசிப் பகுதியில். இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பாடல்கள் இருக்கின்றன. ஒன்றைப் படிக்கும்போது மற்றது நம் நினைவில் இராது. முதலாவதில் ராமன் கருணையின் வடிவம். தீக்குளிப்பில் அவனே சந்தேகத்தின் வாயாக இருக்கிறான். இந்த இரண்டு ராமர்களையும் தொலைவில் வைத்துக் காப்பது காவியத்தின் நீளம். புதுமைப்பித்தன் செய்த காரியம், அந்தத் தொலைவை அழித்ததுதான். அகலிகையையும் சீதையையும் ஒரு குடிசையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்.

அதற்காக அவர் கதைசொல்லியை நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் அகலிகையைப் பார்க்க வருகிறார்கள். ராமனும் அகலிகையின் கணவன் கோதமனும் வெளியே உலாவப் போகிறார்கள். கதைசொல்லி அவர்களோடு போகவில்லை. உள்ளே பெண்களோடு தங்கிவிடுகிறார். வெளியே இரண்டு ஆண்கள் தர்மத்தைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. உள்ளே சீதை, தான் தீக்குளித்ததைச் சாதாரணமாகச் சொல்கிறாள். ராமன் கேட்டானா என்று அகலிகை பதறுகிறாள். கேட்டான், செய்தேன் என்ற அளவில் சீதையின் பதில் இருக்கிறது. குரல் உயர்த்தப்படவில்லை. வாதம் நடக்கவில்லை. ராமனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு ஆசிரியருக்கு இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. ராமன் திரும்பி வரும்போது வாசகருக்கு அவன்மேல் இருந்த கண் மாறியிருக்கிறது, அவன் அதை அறியாமலே. அகலிகை மறுபடி கல்லாகிறாள். அவளைப் பெண்ணாக்கிய அதே தெய்வத்தின் இன்னொரு செயல்தான் அவளைக் கல்லாக்கியது என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லாதபடி இடம் அமைந்துவிட்டது.

ராமாயணப் பழக்கம் உள்ளவர்களுக்கு இக்கதை பிடிக்காமல் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் தொடக்கத்தில் ஒரு குறிப்பும் வைத்தார். ஆனால் இராமாயணத்தில் ஊறியவரால்தான் இதை எழுதியிருக்க முடியும். மூல நூலை வெறுத்தவர் பழித்துவிட்டுப் போயிருப்பார். விழுந்து வணங்கியவர் உரை எழுதியிருப்பார். இரண்டு படலங்களையும் ஒருசேர நினைவில் வைத்திருந்தவர் கதை எழுதினார்.

கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’வில் கதைசொல்லி நிற்பது ஒரு ரயில் பெட்டியில். கணவர் கவலைக்கிடம் என்று தந்தி. இரவு ரயிலில் தமக்கையோடு தம்பி சென்னைக்குப் போகிறான். கதை முழுவதும் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. அந்தத் தாம்பத்தியத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது தம்பிக்குப் பாதிதான் தெரியும். நமக்கும் பாதிதான் கிடைக்கிறது. கு.ப.ரா.வின் கதைகளில் வாக்கியங்கள் குறைவாக இருப்பதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். வாக்கியம் குறைந்ததற்குக் காரணம், பார்க்கும் கண் ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே போக மறுப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. மௌனியிடம் நிலைமை தலைகீழ். அவருடைய கதைசொல்லி மனத்துக்குள்ளேயே நிற்கிறார். கோயிலும் தெருவும் மரமும் அந்த மனத்தின் வழியாகத்தான் தெரிகின்றன. முப்பதுக்கும் குறைவான கதைகளே எழுதிய ஒருவரைத் திருமூலரோடு ஒப்பிட்டுப் புதுமைப்பித்தன் பேசினார். மௌனியைப் பின்பற்றியவர்கள் பலர் அவருடைய மூட்டமான வாக்கியங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த மூட்டம் எந்த இடத்தில் நிற்பதால் வருகிறது என்று பார்க்கவில்லை.

தொடர்கதைகளைத் தீவிர இலக்கியக்காரர்கள் ஒதுக்கித்தள்ளுவது வழக்கம். கல்கியிடம் கற்க வேண்டியது இல்லையா? ‘பொன்னியின் செல்வ’னின் அரசியல் சிக்கலானது: பழுவேட்டரையர்கள், சிற்றரசர் சதி, இலங்கை, பாண்டிய ஆபத்துதவிகள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்கள் இதில் வழி தவறவில்லை என்றால் காரணம் வந்தியத்தேவன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிற அவன் சோழநாட்டுக்குப் புதியவன். அவன் கேட்கும் கேள்விகள் நாம் கேட்க வேண்டியவை. அவன் ஒட்டுக்கேட்பது நமக்காக. வரலாற்று நாவல் எழுத முயலும் இளையவர்கள் முதல் இயலிலேயே மூன்று தலைமுறை வம்சாவளியைக் கொட்டுவதைப் பார்க்கும்போது, இந்த ஒரு உத்தியையாவது உட்கார்ந்து படித்திருக்கக் கூடாதா என்று வருத்தமாக இருக்கிறது.

ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே மறுபடி படித்தவர். ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மழையில் ஒருவன் காரில் ஏறி ஏமாந்து வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அங்கே கதைசொல்லி வெளியே நிற்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அம்மா அப்படிச் சொல்லாமல் ஊரறியக் கதறியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. இப்போது அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, கதையைச் சொல்வதும் அவளே. போதாததற்கு அவள் வாழ்க்கையை ஓர் எழுத்தாளர் பத்திரிகையில் கதையாக, வேறு முடிவோடு எழுதியிருக்கிறார். அதை அவள் படிக்கிறாள். சிறுகதையில் மன்னித்துக் காத்தது அம்மாவின் குரல். நாவலில் யாரும் மன்னிக்கவில்லை. பேசுகிற வாய் மட்டும் அவளுடையதாகிவிட்டது. ஒரே ஆசிரியர், ஒரே சம்பவம்; கதைசொல்லி வெளியிலிருந்து உள்ளே வந்ததும் வேறு உலகம். எழுதக் கற்பவர் இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தா’ளில் அலங்காரத்தை நாம் பெரும்பாலும் மகன் அப்பு, கணவர் தண்டபாணி ஆகியோரின் கண்கள் வழியாகவே பார்க்கிறோம். அவளைப் பற்றி இத்தனை ஆண்டுகள் சண்டை ஓயாததற்கு அதுவே காரணம். கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராம’த்தில், தெலுங்குச் சீமையிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டுக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்ற கிழவியின் வாயில் கொடுத்துவிட்டு, கேட்கிறவர்களோடு தாமும் உட்கார்ந்துகொள்கிறார். கிழவிக்கு ஆண்டும் தேதியும் தேவையில்லை. அவள் சொன்னால் நடந்ததுதான். அவருடைய ‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். கதைசொல்லியின் கண் குழந்தைகளின் உயரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு அது ஏறி ஆடும் வண்டி. வறட்சி, வரி, அதிகாரம் என்று பெரியவர்கள் பேசும் எதுவும் அந்த உயரத்தில் தெரியாது. வண்டி போய்விட்டது என்பது மட்டும் தெரியும். வெகுநாள் கழித்துச் சாவடிப் பக்கம் அந்தக் கதவைக் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ஒரு பெரிய வீட்டைச் சமையலறையிலிருந்து பார்க்கிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது, ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியோடு சேர்ந்து துணி மூட்டை சுமக்கிற ஒரு கதைசொல்லி தமிழுக்குக் கிடைத்தார். இவை ஒவ்வொன்றிலும் அதுவரை ஒருவரும் நிற்காத இடத்தில் யாரோ போய் நின்றார்கள். புதிய கதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞ’னைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அவர் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கதை அப்படி ஒரு ஸ்டூடியோவின் கதை இலாகாவில் நடக்கிறது. எடுத்த எடுப்பில் புலி வராது. டிபன் இடைவேளையைப் பற்றி விளக்கம் வருகிறது. இலாகாவில் வேலை இல்லாத நாட்கள், உட்கார்ந்தபடி பொழுதைக் கழிப்பது, இப்படிப் போகிறது. அவசர வாசகர் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார். காதர் என்ற மனிதர் உள்ளே வந்து, புலி வேஷக்காரன் என்று வேலை கேட்டு, சட்டென்று அந்த அறையிலேயே புலியாக மாறிப் பாயும்போதுதான் தெரிகிறது எதற்கு என்று. சும்மா உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களின் அறை அது. அந்தச் சோம்பலுக்கு நடுவில்தான் அவ்வளவு பெரிய கலை வந்து இறங்க முடியும்; அது அங்கே வீணாவதும் அதனால்தான்.

கதையைச் சொல்பவர் அந்த இலாகாவின் ஊழியர்களில் ஒருவர். வேலை கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. காதரின் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பசியால் வந்தவர், சற்று முன் புலியாக இருந்தவர், காலில் விழுகிறார். பார்த்தவர்கள் கலங்குகிறார்கள்; ஆயினும் கொடுக்க வேலை இல்லை. பிற்பாடு ஒரு படத்தில் வாய்ப்பு வரும்போது கடிதம் போடுகிறார்கள். விலாசத்தில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வருகிறது. காதருக்கு என்ன ஆயிற்று? கதைசொல்லிக்குத் தெரியாது, ஆகவே கதைக்கும் தெரியாது. இதே கதையைக் காதரோடு அவர் வீடுவரை போய், மனைவி மக்களின் பட்டினியைக் காட்டி எழுதுவது எளிது. பலர் எழுதியும் இருக்கிறார்கள். அசோகமித்திரன் அந்த அறையை விட்டு வெளியே வராததால்தான், நாம் அன்றாடம் கடந்துபோகும் எத்தனையோ பேர் காதரோடு சேர்ந்துகொள்கிறார்கள். நமக்கும் அவர்கள் விலாசம் தெரியாது.

இப்படிப் படிப்பதற்கு நமக்கு வழிகாட்டிகள் இருந்தார்கள். க.நா. சுப்ரமண்யம் ஹாம்சனை ‘நிலவள’மாகவும் லாகர்க்விஸ்டை ‘அன்பு வழி’யாகவும் கொண்டுவந்தார், ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுத் தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து முன்வைத்தார். அவர் பட்டியல் போடுகிறவர் என்று குறை சொன்னார்கள். நூலகத்தில் எந்த அலமாரிக்குப் போவது என்று தெரியாத ஓர் இளைஞனுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குறை சொன்னவர்கள் யோசிக்கவில்லை. சி.சு. செல்லப்பா வேறு வகை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, கைப்பணத்தைக் கரைத்து நடத்தினார். அவருடைய ‘தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது’ கதைகளை அக்கக்காகக் கழற்றிப் பார்க்கிற புத்தகம். எழுத விரும்புகிறவர்களுக்கு எந்தக் கையேட்டையும் விட அதையே நான் சிபாரிசு செய்வேன். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ‘காகங்கள்’ கூட்டங்களை நடத்தினார். தகழியின் ‘செம்மீ’னைத் தமிழாக்கினார். ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன், எம்.ஏ. சுசீலா போன்றவர்கள் ரஷ்யப் பேரிலக்கியத்தையும், த.நா. குமாரசாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வங்க நாவல்களையும் நமக்குக் கொடுத்தார்கள். தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தைப் படித்து எழுத வந்தவர்களை நான் அறிவேன்.

குறை ஒன்று இருக்கிறது. பழைய கதைகள் கடைகளில் கிடைக்கின்றன. பதிப்பு நாணயம் எல்லாவற்றிலும் இல்லை. முதலில் எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது, புத்தகமானபோது ஆசிரியர் எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்று சொல்லாமலே திரும்பத் திரும்ப அச்சாகின்றன. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் காலச்சுவடு வழியாகக் கொண்டுவந்த புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பு இந்தப் பழக்கத்தை உடைத்தது. வெளியீட்டு விவரமும் பாட வேறுபாடுகளும் அதில் இருக்கின்றன. பின்னிணைப்பு என்று பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். எழுதுகிறவர் அங்கேதான் விரலை வைத்துப் படிக்க வேண்டும். ஒரு பெரிய கை எந்தச் சொல்லை மாற்றியது என்பது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கு.ப.ரா.வுக்கும் மௌனிக்கும் தி.ஜானகிராமனுக்கும் அசோகமித்திரனுக்கும் இதே அக்கறையோடு, கையெழுத்துப் படியும் பத்திரிகைப் படியும் ஒப்பிட்ட பதிப்புகள் மலிவு விலையில் கல்லூரி மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கான உழைப்பைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் முனைவர் பட்ட ஆய்வாகவே ஏற்றுச் செய்யலாம். தாள்களும் இதழ்த் தொகுப்புகளும் செல்லரித்துப் போவதற்குள் தொடங்கினால் நல்லது.